உங்களுக்குத் தெரியுமா? களவு போகும் பார்வைக்கும் ஒரு வடிவம் உண்டு!

இந்த வரியைப் படிக்கும் இந்த நொடியில் உங்களுக்குக் கண்ணுக்கொரு ஓட்டை இருக்கிறது! பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. ஒரு நாளாவது கவனித்திருக்கிறீர்களா?

பெயர், குருட்டுப் புள்ளி. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வாசல் அது. அங்கே ஒளியை வாங்கும் செல்கள் எத்தனை? பூஜ்ஜியம்!

நேராகப் பார்க்கும் இடத்திலிருந்து காதுப்பக்கமாக 15 டிகிரி தள்ளி இருக்கிறது. அகலம் சுமார் ஐந்தரை டிகிரி. உயரம் ஏழரை டிகிரி. வானத்து முழு நிலவோ வெறும் அரை டிகிரிதான். அப்படியென்றால், பத்துப் பௌர்ணமி நிலவை வரிசையாக நிறுத்தினாலும் அத்தனையும் அந்த ஓட்டைக்குள் காணாமல் போய்விடும்!

நம்பவில்லையா? இரண்டு கைகளையும் நீட்டுங்கள். கட்டை விரல்களை நிமிர்த்தி ஒட்டினாற்போல் வையுங்கள். இடது கண்ணை மூடுங்கள். வலது கண் இடது கட்டை விரலை மட்டுமே பார்க்கட்டும். இப்போது வலது கையை மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் விரல் நுனி... போயே போச்சு!

மனிதன் தோன்றிய நாள் முதல் இருக்கும் ஓட்டை. கண்டுபிடித்தது எப்போது? 1660-களில்! கண்டுபிடித்தவர் எட்மே மாரியட் என்ற பிரெஞ்சுக்காரர்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் இதை வைத்து விளையாடினாராம்! ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே நிற்கும் பிரபுவின் தலையைக் குருட்டுப் புள்ளிக்குள் தள்ளிவிடுவாராம். உடம்பு நிற்கும், தலை இருக்காது! சொந்த அப்பாவின் தலையை 1649-ல் நிஜமாகவே பறிகொடுத்தவருக்கு இப்படியொரு பொழுதுபோக்கு. கதைதான். ஆனாலும் விட மனசு வரவில்லை!

ஒரு கண் அசையாமல் எவ்வளவு பரப்பைப் பார்க்கும்? 1801-லேயே அளந்துவிட்டார் தாமஸ் யங்! மேலே 50 டிகிரி, மூக்குப்பக்கம் 60, கீழே 70, காதுப்பக்கம் 90. இன்றைய கருவிகள் அங்கங்கே சில டிகிரி கூட்டிச் சொல்கின்றன, அவ்வளவுதான்!

இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும் பொதுப் பரப்பு சுமார் 120 டிகிரி. இங்கேதான் வில்லங்கம்! ஒரு கண்ணில் விழும் ஓட்டையை மற்ற கண் மூடி மறைத்துவிடும். வீட்டுக்காரருக்கே தெரியாத திருட்டு!

திருடன் பெயர் குளுக்கோமா. ‘கண் பிரஷர்’ என்று நாம் சொல்வது இவனைத்தான். வலி இல்லை. சிவப்பு இல்லை. உறுத்தல் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு சின்ன அறிகுறிகூட இல்லை!

ஆஸ்பத்திரிச் சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருப்பார்களே, அதில் கடைசி வரி வரை கடகடவென்று வாசிப்பார் நோயாளி. 6/6 பார்வை! ஆனால் பக்கப் பார்வையில் பாதி போயிருக்கும். பலகைக்கு இது தெரியவே தெரியாது!

குளுக்கோமா வந்தவருக்கு உலகம் எப்படித் தெரியும்? நடுவில் வெளிச்சம், சுற்றிலும் கும்மிருட்டு என்று போஸ்டர் போட்டிருப்பார்களே... தப்பு! லண்டனில் 50 நோயாளிகளிடம் விதவிதமான படங்களைக் காட்டி, ‘உங்களுக்கு எப்படித் தெரிகிறது?’ என்று கேட்டார்கள். 2013-ல் முடிவு வந்தது. கறுப்புக் குகைப் படத்தைத் தொட்டவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை!

பிறகு எதைத் தொட்டார்கள்? அங்கங்கே மங்கிய படத்தை! சில இடம் ‘இல்லாத’ படத்தை! கறுப்பு எங்குமே இல்லை. ஓட்டை விழுந்த இடத்தில் காரே இல்லாத சாலையை மூளை வரைந்து காட்டுகிறது. கார் என்னவோ வந்துகொண்டுதான் இருக்கிறது!

நம் ஊர்க் கணக்கு வேண்டுமா? தென் தமிழகத்தில் 40 வயது தாண்டிய 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவக் குழு சோதித்தது. 2003-ல் வெளிவந்த ஆய்வு. அதில் மிகப் பரவலான வகைக் குளுக்கோமா இருந்தவர்களில் அது தமக்கு இருப்பதே முன்பு தெரியாதவர்கள்... 93 சதவீதம்!

அதே ஆய்வு, அடுத்த அதிர்ச்சி. அந்த வகை குளுக்கோமா இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணோ இரண்டு கண்ணுமோ அதனாலேயே பார்வை போயிருந்தது!

உலகம் முழுக்க 2020-ல் 7 கோடியே 60 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். 2040-ல்? 11 கோடியைத் தாண்டுமாம்!

சரி, திருடன் எங்கே கை வைக்கிறான்? பார்வை நரம்பில்! அதற்குள் ஓடும் இழைகள் 10 முதல் 12 லட்சம். விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்களோ 12 கோடிக்கும் மேல்! நூற்றுக்கு ஓர் இழை என்ற விகிதத்தில்தான் மொத்தச் செய்தியும் மூளைக்குப் போகிறது!

செத்த இழை திரும்ப முளைக்காது. ஒன்றுகூட!

இப்போது வருகிறது நம் பெரிய கண்டெடுப்பு. இந்த இழைகளில் பல குறுக்கு வழியில் போவதே இல்லை! விழித்திரையின் நட்டநடுவில் மாக்குலா என்றோர் இடம். கூர்மையான பார்வை அங்கேதான் இருக்கிறது. காதுப்பக்க விழித்திரையிலிருந்து புறப்படும் இழைகள், கருவறையை விட்டு விலகி மாட வீதியில் சுற்றும் தேர்போல, மாக்குலாவை வளைத்துக்கொண்டே வந்து நரம்பைச் சேர்கின்றன. மேல் பாதி இழைகள் மேல் வழியாக. கீழ் பாதி இழைகள் கீழ் வழியாக. நடுவில் ஒரு படுக்கைக் கோடு. ஓர் இழைகூட அந்தக் கோட்டைத் தாண்டாது!

அதனால் என்ன? இழைகள் சாகும்போது பார்வையும் வில் வடிவத்திலேயே போகிறது! குருட்டுப் புள்ளியில் தொடங்கி, நடுப்பார்வையை வளைத்துச் சுற்றி, மூக்குப்பக்கம் வந்து படுக்கைக் கோட்டில் டக்கென்று நிற்கும். கத்தியால் வெட்டியதுபோல அப்படியொரு நேர்க்கோடு!

இந்த வில்லை முதலில் வரைந்தவர் யானிக் பியெரம். ஊர், கோபன்ஹேகன். ஆண்டு 1889. கருவி? தன் ஆலோசனை அறைக் கதவின் பின்பக்கம்! அதையே திரையாக்கி, அதன்மேல் சின்னஞ்சிறு வெள்ளைப் பொருளை நகர்த்தி, ‘தெரிகிறதா? தெரிகிறதா?’ என்று கேட்டே கண்டுபிடித்துவிட்டார்!

இன்றும் நடுப்பார்வையிலிருந்து 10 முதல் 20 டிகிரி வரையான வளையத்துக்கு ‘பியெரம் பகுதி’ என்றுதான் பெயர். ஒரு கதவுக்குக் கிடைத்த மரியாதை!

அவருடைய சீடர் ஹென்னிங் ரொன்னே. அதே கோபன்ஹேகன்! 1909-ல் அவர் பிடித்தது மூக்குப்பக்கப் படி. படுக்கைக் கோட்டுக்கு மேலே பார்வை குறைந்திருக்கும், கீழே சரியாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மாடிப்படி மாதிரி ஒரு வெட்டு! குளுக்கோமா ஆரம்பத்திலேயே விட்டுச்செல்லும் கைரேகை இது!

1914-ல் ஜெர்மனியின் எரிக் சைடல் பங்குக்கு ஒன்று. குருட்டுப் புள்ளியிலிருந்து நீண்டு வளையும் காற்புள்ளி வடிவம்! வடிவத்துக்கு வடிவம் ஒரு டாக்டர் பெயர்!

மேலே ஒரு வில், கீழே ஒரு வில். இரண்டும் சேர்ந்தால்? முழு வளையம்! நடுவில் மட்டும் ஒரு தீவு தப்பிப் பிழைக்கும். காதுப்பக்க ஓரத்தில் இன்னொரு தீவு. சிலருக்கு நடுத்தீவும் மூழ்கி, காதுப்பக்கத் தீவு மட்டும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும்! அப்போது ஆளைப் பார்க்க முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்ப்பார்கள்.

தீவு என்று நாம் சும்மா சொல்லவில்லை. எடின்பரோவின் ஹாரி டிராக்வேர் பார்வையையே ‘குருட்டுக் கடலில் ஒரு மலைத்தீவு’ என்று வர்ணித்தார். நடுப்பார்வை அதன் சிகரம். குருட்டுப் புள்ளி அதில் ஓர் அடியில்லாக் கிணறு. கண் பார்க்கும் பரப்பை அளக்கும் புலப் பரிசோதனை என்பது அந்த மலையை சர்வே எடுப்பதுதான்!

தலைகீழ் விவகாரம் தெரியுமா? நரம்பின் கீழ்ப்பக்கம் கெட்டால் பார்வையில் மேல்பக்கம் போகும்! மேல்பக்கம் கெட்டால் கீழ்ப்பக்கம் போகும்! கண்ணுக்குள் எல்லாமே கவிழ்ந்தே விழுகிறது!

நரம்பு வெளியேறும் இடத்தில் ஒரு சல்லடை இருக்கிறது. அதில் மேலும் கீழும் இருக்கும் துளைகள் பெரியவை, தாங்கும் திசு மெல்லியது. அழுத்தம் அங்கேதான் முதலில் நசுக்கும். வில் வடிவ இழைகள் போவதும் சரியாக அந்த வழியாகவே! என்ன பொருத்தம் பாருங்கள்!

பார்வையில் கீழ்ப்பக்கம் போனவர்களுக்குத் தடுக்கி விழும் ஆபத்து அதிகம். படிக்கட்டின் கடைசிப் படி, வாசல் நிலைப்படி, தரையில் கிடக்கும் செருப்பு... எல்லாம் கீழே அல்லவா இருக்கிறது! ‘வயசாகிவிட்டது, பார்த்து நடங்கள்’ என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பார்த்துத்தான் நடந்திருப்பார்!

இனி ஒரு துப்பறியும் சமாச்சாரம். புலப் பரிசோதனை வரைபடத்தில் ஓட்டை படுக்கைக் கோட்டை மதித்து நின்றால் பழி கண் நரம்பின்மேல்! செங்குத்துக் கோட்டை மதித்து நின்றால்? பழி மூளைக்குப் போகும் பாதையின்மேல்! இரண்டு கண்ணிலும் காதுப்பக்கப் பாதி மட்டும் செங்குத்தாகப் போயிருந்தால் டாக்டர் கண்ணை விட்டுவிட்டு பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எழுதுவார். ஒரே ஒரு கோடு! கண்ணா மூளையா என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது!

பார்வைப் புலத்தை நோயாளிகளிடம் அளக்கத் தொடங்கியவர் பெர்லினின் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே. 1856-ல். வயது 28! மறு வருடமே குளுக்கோமாவுக்கு ஆபரேஷனும் கண்டுபிடித்தார். 42 வயதில் இறந்தே போனார்!

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம். 1945-ல் ஹான்ஸ் கோல்ட்மன் அரைக்கோளக் கிண்ணம் ஒன்றைச் செய்தார். ஆரம் 30 செ.மீ. உள்ளே வெள்ளை வெளிச்சம். நோயாளி முகத்தை உள்ளே வைப்பார். மறுபக்கம் ஒரு சிறு துளைத் தொலைநோக்கி வழியாக, அவர் கண் அசைகிறதா என்று இன்னொருவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார்!

கண் பிரஷர் பார்க்க நீல வெளிச்சத்தோடு கண்ணைத் தொடுவார்களே, அந்தக் கருவி? அதுவும் இதே கோல்ட்மன்தான்! பிரஷர் அளக்கவும் அவர், பிரஷர் செய்த சேதத்தை அளக்கவும் அவர்!

இன்னும் கேளுங்கள். 1970-களில் கம்ப்யூட்டரே புலத்தை அளக்கும் கருவி வந்தது. பெயர் ஆக்டோபஸ். செய்தவர் ஃபிரான்ஸ் ஃபாங்க்ஹவுசர். ஊர்? மறுபடியும் பெர்ன்!

இன்று நம் ஊர்க் கண் ஆஸ்பத்திரிகளில் ‘ஃபீல்டு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க’ என்றால் பெரும்பாலும் ஹம்ப்ரி மெஷின்தான். இருட்டறை. ஒரு கண்ணுக்கு மறைப்பு. தாடையை மேடையில் வைத்து, கையில் பட்டனைப் பிடித்து, நடு விளக்கையே பார்க்க வேண்டும். எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னினால் அமுக்க வேண்டும். மின்னும் நேரம் எவ்வளவு? ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு!

அதிகம் எடுக்கப்படும் பரிசோதனையின் பெயர் 24-2. ஒரு கண்ணுக்கு 54 இடங்கள். அதில் இரண்டு இடம் குருட்டுப் புள்ளியின் மேலேயே விழும். ஆக, நிஜக் கணக்கு 52!

நாமே ஒரு கணக்குப் போட்டோம், யாரும் சொல்லித் தரவில்லை! ஒரு பொட்டின் குறுக்களவு 0.43 டிகிரி. பொட்டுக்கும் பொட்டுக்கும் இடைவெளி 6 டிகிரி. 54 பொட்டும் சேர்ந்து மூடும் இடம், சோதிக்கும் பரப்பில் ஒரு சதவீதத்தில் பாதிகூட வரவில்லை! மிச்சமெல்லாம்?

மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரின் ஊகம்! அறிக்கைத் தாளில் கறுப்பும் சாம்பலுமாக ஒரு படம் இருக்குமே, அதில் பொட்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடங்களை மெஷின் தானாக நிரப்பிக்கொள்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நோயாளி பதறுவார். அனுபவமுள்ள டாக்டரோ அதைத் தாண்டி எண்களுக்குப் போய்விடுவார்!

எண்களும் குறும்புக்காரர்கள்! பெரிய எண் என்றால் மங்கலான வெளிச்சம். 0 டெசிபெல் என்றால் மெஷினின் உச்ச வெளிச்சம், 10,000 அப்போஸ்டில்ப் என்ற வெளிச்ச அளவு! 10 டெசிபெல் அதில் பத்தில் ஒன்று. 30 டெசிபெல் ஆயிரத்தில் ஒன்று. நல்ல கண் நடுப்பகுதியில் 30-ஐத் தொடும். மார்க் கூடினால் பாஸ், அவ்வளவு ஞாபகம் வைத்தால் போதும்!

எண் 3 குறைந்தால் சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். இரண்டு மடங்கு வெளிச்சம் தேவைப்படுகிறது என்று அர்த்தம்!

0 என்று அச்சாகியிருந்தால் அந்த இடம் முழுக் குருடா? அதுவும் இல்லை! மெஷினிடம் அதைவிடப் பிரகாசமான வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான்!

டெஸ்ட் முடிந்து வெளியே வருபவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடுவார்கள். ‘பாதி வெளிச்சம் தெரியவே இல்லை டாக்டர், ஃபெயில்தான்!’ ரகசியத்தைச் சொல்லட்டுமா? மெஷின் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறது! தெரியும் தெரியாது என்ற எல்லைக்கோட்டைத் தேடுவதுதான் அதன் வேலை. குறையே இல்லாத கண்ணுக்கும் சுமார் பாதி வெளிச்சம் தெரியாது!

மெஷின் உளவும் பார்க்கும்! ஆரம்பத்திலேயே உங்கள் குருட்டுப் புள்ளி எங்கே என்று குறித்துக்கொள்ளும். நடுநடுவே அங்கே ஒரு வெளிச்சத்தைப் போடும். பட்டனை அமுக்கினீர்களா? மாட்டிக்கொண்டீர்கள்! நடு விளக்கைவிட்டுக் கண் அலைந்திருக்கிறது!

மனிதனால் முடியாத வேகத்தில் பட்டனை அமுக்கினாலும் மாட்டுவீர்கள். வெளிச்சம் மின்னி மூளைக்குப் போய் விரல் அசைய நேரம் வேண்டாமா? அதற்கு முன்பே அமுக்கினால் ‘பொய் சாட்சி’ என்று கணக்கில் எழுதிவிடும்!

ஆர்வக்கோளாறில் சும்மா சும்மா அமுக்குபவர்களின் வரைபடத்தில் ஓட்டை கறுப்பாக இருக்காது. வெள்ளை வெளேரென்று திட்டுத் திட்டாக இருக்கும்! மனிதக் கண்ணுக்கு எட்டாத கூர்மை அவருக்கு மட்டும் வந்துவிட்டதாக மெஷின் அச்சடித்துத் தரும்!

நாலு இதழ் கொண்ட குளோவர் இலை பார்த்திருக்கிறீர்களா? வரைபடத்திலும் அப்படி நாலு வெள்ளை இதழ், சுற்றிலும் கறுப்பு வரும்! அது எந்த நோய்? நோயே இல்லை! மெஷின் முதலில் நாலு மூலைக்கும் ஒவ்வோர் இடம் வீதம் நாலு இடங்களைச் சோதிக்கிறது. அதற்குப் பிறகு நோயாளிக்கு அலுத்துப் போச்சு, தூங்கிவிட்டார், பட்டனை விட்டுவிட்டார்! நாலு இதழ் என்றால் ‘காபி குடித்துவிட்டு மறுபடி வாருங்கள்’ என்று அர்த்தம்!

தொங்கும் மேல் இமையும் வில் வரையும்! மேல்பக்கப் பார்வையை மறைத்து அச்சு அசல் குளுக்கோமா போலவே ஏமாற்றும். வைத்தியம்? இமையைத் தூக்கி ஒரு துண்டு டேப் ஒட்டுவது!

சோதனைக்கு மாட்டும் லென்ஸின் விளிம்பு மறைத்தால் ஓரமெல்லாம் கறுப்பாகும். கண் பாப்பா மூன்று மி.மீ.க்குக் கீழே சுருங்கியிருந்தால் மொத்தமும் மங்கும். வேடிக்கை என்னவென்றால், குளுக்கோமாவுக்காக 1870-களிலேயே வந்துவிட்ட பைலோகார்பைன் சொட்டு மருந்துதான் பாப்பாவை அப்படிச் சுருக்கும்!

கண் புரை இருந்தால்? எல்லா இடமும் சமமாக மங்கும். அதற்கும் மெஷினிடம் மந்திரம் உண்டு! மொத்த மங்கலைக் கழித்துவிட்டு, அடியில் ஒளிந்திருக்கும் வில்லை மட்டும் தனியாக எடுத்துக் காட்டும் இரண்டாவது படம் ஒன்றைத் தருகிறது!

தாளில் குட்டிக் கறுப்புச் சதுரம் இருக்கிறதா? அந்த இடத்தில் அவ்வளவு குறைந்த பார்வை, உங்கள் வயதுள்ள ஆரோக்கியமான 200 பேரில் ஒருவருக்குக்கூட இருக்காது என்று பொருள்!

மேல் பாதியில் 5 மண்டலம், கீழ் பாதியில் கண்ணாடிப் பிம்பமாக 5 மண்டலம். ஜோடி ஜோடியாக நிறுத்திப் பார்த்து, சமமில்லை என்றால் ‘வரம்புக்கு வெளியே’ என்று அச்சடிக்கும் ஒரு சோதனையும் உண்டு. அந்தப் படுக்கைக் கோட்டு ரகசியம்தான் இங்கே கணிதமாகியிருக்கிறது!

சராசரிக் குறைவு 6 டெசிபெல்லுக்குள் என்றால் ஆரம்பக் கட்டம். 6 முதல் 12 வரை நடுக் கட்டம். 12-ஐத் தாண்டினால் முற்றியது! நிலையைப் பிரிக்க டாக்டர் முதலில் பார்ப்பது இந்த ஓர் எண்ணைத்தான்!

எந்தக் கண்ணின் அறிக்கை என்று எழுத மறந்துவிட்டார்களா? கவலையே வேண்டாம்! குருட்டுப் புள்ளி வலப்பக்கம் இருந்தால் வலது கண். இடப்பக்கம் இருந்தால் இடது கண். அடுத்த முறை டாக்டருக்கு முன்னால் நீங்களே சொல்லி அசத்துங்கள்!

1990-களில் ஸ்வீடன்காரர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். பெயர் சீட்டா. நீங்கள் தரும் ஒவ்வொரு பதிலையும் வைத்து அடுத்த வெளிச்சத்தை அளந்து போடும் கணக்கு. பரிசோதனை நேரம் பாதியாகச் சரிந்தது! பிறகு இன்னும் வேகமான வகையும் வந்தது. ஒரு கண்ணுக்கு மூன்றே நிமிடம்!

முதல் டெஸ்டில் மோசமாக வந்ததா? இடிந்து போகாதீர்கள்! அமெரிக்காவில் கண் பிரஷர் அதிகமுள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று. அதில் முதல் தடவை ‘கோளாறு’ என்று வந்த நம்பத்தகுந்த அறிக்கைகளில், மறுபரிசோதனையில் அந்தக் கோளாறு காணாமல் போனவை... 86 சதவீதம்!

அதனால்தான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவருக்கு முதல் இரண்டு வருடத்தில் ஆறு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள் நிபுணர்கள். ‘எத்தனை தடவைதான் எடுப்பது?’ என்று முணுமுணுக்கிறீர்களே, கணக்கு இதுதான்!

ஆனால் மெஷினும் தாமதமாகத்தான் விழித்துக்கொள்கிறது! வரைபடத்தில் முதல் ஓட்டை தென்படும்போது நரம்புச் செல்களில் 25 முதல் 35 சதவீதம் ஏற்கெனவே போயிருக்கும் என்கின்றன ஆய்வுகள்!

நடுவில் 10 டிகிரி மட்டும். சின்ன இடம்தானே? மூளையின் பார்வைப் பகுதியில் பாதிக்கு மேல் அந்தச் சின்ன இடத்துக்கே ஒதுக்கியிருக்கிறது! அங்கே 24-2 வைக்கும் பொட்டுகளோ வெறும் 12. அதனால் 10-2 என்று தனி டெஸ்ட் வைத்தார்கள். அதே இடத்தில் 68 பொட்டுகள்!

பிரஷர் நார்மல் என்றால் தப்பித்தோம் என்று நினைக்கிறீர்களா? ஜப்பானின் தஜிமி நகரில் 40 வயது தாண்டியவர்களைச் சோதித்தார்கள். பரவலான வகைக் குளுக்கோமா இருந்தவர்களில் பிரஷர் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருந்தவர்கள் 92 சதவீதம்! இப்படிப் பிரஷர் நார்மலாக இருந்தும் குளுக்கோமா வந்தவர்களில் பலருக்கு ஓட்டை நடுப்பார்வைக்குப் பக்கத்திலேயே, ஆழமாக விழுகிறது!

ஒரு நல்ல செய்தி! ஸ்வீடனில் நடந்த ஆய்வில், பிரஷர் ஒரே ஒரு மி.மீ. இறங்கினாலும் நோய் முற்றும் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைந்தது. வெறும் ஒரு மி.மீ.க்கு!

மஞ்சள் பின்னணியில் நீலப் பொட்டுப் போட்டும் தேடுகிறார்கள். அசைந்து மின்னும் கோடுகளைக் காட்டியும் தேடுகிறார்கள். அந்தக் கோடுகள் வேகமாக மின்னினால் எண்ணிக்கை இரண்டு மடங்காகத் தெரியும்! வெறும் கண்கட்டு வித்தை. அதை வைத்தே ஒரு மெஷின் செய்து விற்றும்விட்டார்கள்!

இருட்டறையும் கிண்ணமும் இல்லாமல் தலையில் மாட்டிக்கொண்டே பார்வைப் புலத்தை அளக்கும் கருவியும் வந்தாயிற்று. எங்கோ அமெரிக்காவில் என்று நினைத்தீர்களா? அப்படியொன்றை உருவாக்கியது ஒரு சென்னை நிறுவனம்!

பிரிட்டனில் கார் ஓட்ட வேண்டுமா? எழுத்துப் பலகை போதாது. படுக்கை வாட்டத்தில் 120 டிகிரி புலம் வேண்டும்! அதைப் பார்க்க இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே நடத்தும் எஸ்டர்மன் டெஸ்ட். அதில் எத்தனை பொட்டுகள்? அதுவும் 120!

இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசிப்பவராக இருக்கலாம், ஊசியில் நூல் கோப்பவராக இருக்கலாம். பார்வைப் புலம் 10 டிகிரிக்குக் கீழே சுருங்கிவிட்டதா? சட்டப்படி அவர் பார்வையற்றவர்!